சின்ன உலை, பெரிய கணக்கு

ஒரு அண்டா நிறையக் கொதிக்கும் தண்ணீர், பக்கத்தில் ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீர். இரண்டையும் ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். டம்ளர் தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும். அண்டாவில் விரலை விட்டால் கொப்புளித்துவிடும். தண்ணீர் ஒன்றுதான், தொடங்கிய சூடும் ஒன்றுதான். அளவு மட்டும் வேறு.

ஏன் இப்படி? ஒரு பெட்டியை வைத்துக் கணக்குப் போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள பெட்டிக்குக் கன அளவு 1, ஆறு பக்கமும் சேர்ந்த வெளிப்பரப்பு 6. அதையே பத்தடிப் பெட்டியாகப் பெருக்கினால் கன அளவு 1000, வெளிப்பரப்போ 600தான். உள்ளே இருக்கும் சரக்கு ஆயிரம் மடங்கு கூடியது. சூடு வெளியேற வேண்டிய தோல் நூறு மடங்குதான் கூடியது. பெரிய பாத்திரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சின்னது விட்டுவிடும்.

சிறிய அணு உலைகளைப் பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. நிலக்கரியை ஒழிக்கப் போவதே இவைதான் என்கிறார்கள் ஒரு பக்கம், வெறும் காகித விளம்பரம் என்கிறார்கள் மறுபக்கம். இந்த அண்டா–டம்ளர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்தாரும் என்ன பேசுகிறார்கள் என்பது ஏறக்குறைய முழுதாகவே புரிந்துவிடும். இவற்றின் பலம் பிறக்கும் இடமும் அதுதான், பலவீனம் பிறக்கும் இடமும் அதுதான்.

அடுப்புக்குள் என்ன எரிகிறது?

முதலில் அணு உலை என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். பெயரைக் கேட்டால் மிரட்சியாக இருந்தாலும், அது செய்யும் வேலை தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான். நீராவி டர்பைனைச் சுற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் வரும். அனல் மின் நிலையத்திலும் இதேதான் நடக்கிறது. அங்கே அடியில் நிலக்கரி, இங்கே யுரேனியம்.

யுரேனியம் உலைக்குள் போகும் வடிவம் ஒரு சின்ன வில்லை. சுண்டுவிரல் நுனி அளவு, பத்து கிராமுக்கும் குறைவான எடை, கறுப்பு நிறம். தண்ணீரால் குளிரும் சாதாரண உலை ஒன்றில் அந்த ஒரு வில்லை தரும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். இந்த வில்லைகளை நீண்ட உலோகக் குழாய்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தக் குழாய்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தண்ணீருக்குள் நிறுத்திவைப்பார்கள்.

உள்ளே எரிவது நெருப்பில்லை, அணுப்பிளவு. யுரேனியம்-235 அணுவின் மீது ஒரு நியூட்ரான் மோதினால் அணு இரண்டாக உடைகிறது, வெப்பம் வெளிப்படுகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றில் சராசரியாக ஒன்று அடுத்த அணுவை உடைத்தால் போதும், சங்கிலி அறுபடாமல் ஓடும். ஒன்றுக்குக் கீழே போனால் உலை அணைந்துவிடும். ஒன்றுக்கு மேலே ஏறினால் சக்தி கூடிக்கொண்டே போகும். அந்த 'ஒன்று' என்ற எண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் உலையை இயக்குபவர்களின் வேலை. அதற்கு நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இருக்கின்றன. உள்ளே இறக்கினால் அடங்கும், மேலே தூக்கினால் எழும்பும்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் இந்த 235 வகை 0.7 சதவீதம்தான். பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டித் தருகிறார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

எவ்வளவு சின்னது சின்னது?

சர்வதேச அணுசக்தி முகமை 300 மெகாவாட் வரை மின்சாரம் தரும் உலையைச் சிறிய உலை என்கிறது. இன்று கட்டப்படும் வழக்கமான உலைகள் 1000 மெகாவாட்டைத் தாண்டியவை; பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோவில் இருப்பது 1600. பத்து மெகாவாட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருப்பவற்றை மைக்ரோ உலை என்று தனியாக அழைக்கிறார்கள்.

'சின்னது' என்றதும் வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். 300 மெகாவாட் உலை ஆண்டில் 90 சதவீத நேரம் முழுத் திறனில் ஓடினால் சுமார் 236 கோடி யூனிட் மின்சாரம் வரும். நல்ல அளவுள்ள ஒரு நகரத்துக்குப் போதும்.

இன்னொரு சொல் 'மாடுலர்'. உலையைத் துண்டு துண்டாக, அல்லது முழுதாகவே, தொழிற்சாலையில் செய்து, லாரியிலோ ரயிலிலோ படகிலோ ஏற்றிக் கொண்டுவந்து பொருத்துவது. பெரிய உலை கோயில் கட்டுவது மாதிரி: ஒவ்வொன்றும் அந்தந்த இடத்திலேயே வருடக்கணக்கில் எழும்பும். மாடுலர் உலை விமானம் செய்வது மாதிரி இருக்க வேண்டும் என்பது கனவு. ஒரே அச்சு, ஒரே தொழிலாளர்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. இந்தியாவில் பல காலமாக ஓடும் 220 மெகாவாட் கனநீர் உலைகள் அளவில் இந்த வரம்புக்குள் வருகின்றன. ஆனால் அவை அந்தந்த இடத்தில் கட்டப்பட்டவை. எனவே சின்னவை, மாடுலர் அல்லாதவை. செய்திகளில் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்புவது சகஜம்.

முதலில் இருந்தவையே சின்ன உலைகள்தான்

புதுமை என்று சொல்லப்படுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவில், விளையாட்டரங்கப் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த ஒரு ஸ்குவாஷ் ஆடுகளத்தில், என்ரிகோ ஃபெர்மியின் குழு மனிதர் கட்டிய முதல் அணு உலையை உயிர்ப்பித்தது. அன்று அது தந்த சக்தி அரை வாட். ஒரு டார்ச் பல்பு கூடச் சரியாக எரியாது. 1954இல் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுத்த சோவியத் ஒப்னின்ஸ்க் உலை 5 மெகாவாட். 1955 ஜனவரியில் கடலுக்குள் கிளம்பிய நாட்டிலஸ் நீர்மூழ்கி சின்ன உலையின் பலத்தில்தான் ஓடியது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கப்பல் உலைகள் ஓடியிருக்கின்றன.

அப்படியானால் நீர்மூழ்கி உலையையே கரையில் ஏற்றி வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சிக்கல் எரிபொருளில். அமெரிக்க நீர்மூழ்கிகளின் யுரேனியம் 90 சதவீதத்துக்கும் மேல் செறிவூட்டப்பட்டது. குண்டு செய்யத் தகுந்த சரக்கு. அதை ஊருக்கு ஊர் லாரியில் அனுப்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தவிர, போர்க்கப்பலில் யூனிட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று யாரும் பில் போடுவதில்லை.

கரையில் பில் போட்டார்கள். அங்கேதான் சின்ன உலை தோற்றது. ஆலைகளைக் கட்டும் பொறியாளர்களிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செலவு இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குதான் ஆகும். பத்து மடங்காக்கினால் செலவு நாலு மடங்கு. குழாயோ தொட்டியோ, தேவைப்படும் இரும்பு வெளிப்பரப்பைப் பொறுத்தது, உள்ளே கொள்வது கன அளவைப் பொறுத்தது. அதே அண்டாக் கணக்குதான். மேலும் 100 மெகாவாட் உலைக்கும் காவல் வேண்டும், கட்டுப்பாட்டு அறை வேண்டும், உரிமம் வேண்டும். 1000 மெகாவாட் உலைக்கும் அதே பட்டியல்தான். ஆகவே 1960களிலும் 70களிலும் உலைகள் மளமளவென்று பெருத்தன.

பெருத்ததும் வேறு நோய் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்ட்ல் என்ற இடத்தில் இரண்டு பெரிய உலைகளை 2013இல் கட்டத் தொடங்கினார்கள். முடிந்தது 2023இலும் 2024இலும். சுமார் 14 பில்லியன் டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 30 பில்லியனைத் தாண்டியது. நடுவில், உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமே 2017இல் திவால் மனு கொடுத்தது. ஓல்கிலுவோட்டோ உலைக்கு 2005இல் முதல் கான்கிரீட் கொட்டினார்கள். முறையான உற்பத்தி 2023இல்தான். பத்துப் பதினெட்டு ஆண்டுகள் ஒரு யூனிட் கூட விற்காமல் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் மின்சாரத்தின் விலையில் பெரும்பங்கு யுரேனியமும் இல்லை, சம்பளமும் இல்லை, வட்டிதான்.

சின்ன உலை மீண்டும் மேடை ஏறியது இந்தக் காயத்தால்தான். கொஞ்சம் முதல் போட்டால் போதும், சீக்கிரம் ஓடத் தொடங்கும், முதல் உலையின் வருமானத்தில் அடுத்ததைக் கட்டலாம் என்பதுதான் வாதம்.

அணைத்த பிறகும் அணையாத சூடு

இப்போது அண்டாவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்றால் அது இதுதான்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலம் அதிர்ந்தபோது ஃபுகுஷிமா தாய்ச்சியில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. தண்டுகள் இறங்கின, சங்கிலி அறுந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அணு உலை சமையல் கேஸ் அடுப்பு மாதிரி இல்லை. திருகை மூடியதும் வெப்பம் நிற்காது. உடைந்த அணுக்களின் துண்டுகள் கதிரியக்கம் உள்ளவை. அவை சிதைந்துகொண்டே இருக்கும், சிதையும்போது சூடு வரும். இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். எந்த சுவிட்சாலும் இதை நிறுத்த முடியாது.

எவ்வளவு சூடு? நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6, 7 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். ஒரு நாள் ஆன பிறகும் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். சதவீதம் கேட்கச் சின்னதுதான். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளுக்குள் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் 7 சதவீதம் என்றால் 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் வெப்பம் ஒரு அறை அளவுள்ள இடத்துக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். அதைத் தண்ணீர் ஓடி ஓடி எடுத்தாக வேண்டும். தண்ணீர் ஓட பம்ப் வேண்டும், பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும். நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது; சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இப்போது சின்ன உலையை எடுங்கள். உள்ளே 250 மெகாவாட் வெப்பம் உண்டாக்கும் ஒரு உலை. நிறுத்தியதும் 17 மெகாவாட், ஒரு நாள் கழித்துச் சுமார் ஒன்றேகால். மொத்தச் சூடும் குறைவு, அந்தச் சூட்டுக்கு வெளியேறக் கிடைக்கும் தோலும் ஒப்பீட்டில் அதிகம். ஆகவே பம்ப் இல்லாமலே சமாளிக்கலாம் என்ற எண்ணம் வருகிறது. அமெரிக்காவின் நியூஸ்கேல் வடிவமைப்பில் உலையும் அதைச் சுற்றிய எஃகுக் கவசமும் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கின்றன. சாதாரண ஓட்டத்திலும் உலைக்குள் தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான். மின்சாரம் போனாலும், ஆள் யாரும் இல்லாவிட்டாலும், சுற்றியுள்ள தொட்டித் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இது வடிவமைப்புதானே, நிஜத்தில் நடந்திருக்கிறதா என்று கேட்டால், வேறு வகை உலை ஒன்றில் நடந்திருக்கிறது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஷிடாவ் வளைகுடாவில் இரண்டு சிறு உலைகள் சேர்ந்து ஒரே டர்பைனைச் சுற்றுகின்றன. மொத்தம் 210 மெகாவாட் மின்சாரம். இதில் எரிபொருள் தண்டாக இல்லை, பந்தாக இருக்கிறது. ஒவ்வொரு பந்தும் 6 சென்டிமீட்டர், டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது. பந்தின் உடம்பு கிராஃபைட். அதற்குள் கடுகைவிடச் சிறிய யுரேனியத் துகள்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் கார்பன், சிலிக்கான் கார்பைடு என்று பல அடுக்குச் சட்டை போட்டபடி. சுமார் 1600 டிகிரி வரை அந்தச் சட்டை கிழியாமல் கதிரியக்கப் பொருட்களை உள்ளேயே பிடித்துவைக்கும். குளிர்விப்பது தண்ணீரில்லை, ஹீலியம் வாயு. 2023இல், ஓடிக்கொண்டிருந்த உலைகளுக்கான மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். உலை தானாகவே குளிர்ந்தது. வணிக அளவிலான உலையில் இப்படிச் செய்து காட்டியது அதுவே முதல் முறை. சின்ன உலைக்காரர்களின் கையில் இருக்கும் ஆக வலுவான சீட்டு இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் 'சின்னது என்றாலே ஆபத்தில்லாதது' என்று யாராவது சொன்னால் 1961 ஜனவரி 3ஆம் தேதியைச் சொல்லுங்கள். ஆர்க்டிக் ரேடார் நிலையங்களுக்காக அமெரிக்க ராணுவம் ஐடஹோவில் சோதித்துக்கொண்டிருந்த எஸ்எல்-1 மிகச் சின்ன உலை. பராமரிப்பின்போது நடுத் தண்டைக் கையால் தேவைக்கு மேல் உயரத் தூக்கிவிட்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் சக்தி எகிறி, தண்ணீர் நீராவியாக வெடித்து, மூன்று படைவீரர்கள் இறந்தார்கள். ஒரே ஒரு தண்டைத் தூக்கினாலே உலை உயிர்ப்பிக்கும்படி அதை வடிவமைத்திருந்ததுதான் கோளாறு. இன்றைய வடிவமைப்புகளில் அப்படி விடுவதில்லை. சிதைவு வெப்பத்தில் சின்ன அளவு உதவுகிறது, மோசமான வடிவமைப்பிலிருந்து அது காப்பாற்றாது.

அதே கணக்கு, இந்த முறை பாதகமாக

தோல் அதிகம் என்றால் சூடு எளிதாக வெளியேறும். சரி. சூடு மட்டுமா வெளியேறும்?

நியூட்ரானும் வெளியேறும். பெரிய உலையின் நடுவில் பிறக்கும் நியூட்ரானுக்கு வெளியே போக நீண்ட தூரம். வழியில் ஏதாவது ஒரு அணுவைத் தட்டிவிடும். சின்ன உலையில் விளிம்பு பக்கத்திலேயே இருப்பதால் நிறையத் தப்பிவிடும். தப்பும் நியூட்ரானுக்கு ஈடுகட்ட, பல வடிவமைப்புகளில் எரிபொருளின் செறிவைக் கூட்டுகிறார்கள். 3 முதல் 5 சதவீதம் என்று முன்பு சொன்னேனே, நீண்ட நாள் எரிபொருள் மாற்றாமல் ஓடவும் சேர்த்து, சில புதிய உலைகள் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரை கேட்கின்றன. அந்தச் சரக்கை வணிக அளவில் விற்றுக்கொண்டிருந்தது ரஷ்யா மட்டும். பில் கேட்ஸ் தொடங்கிய டெராபவர் நிறுவனம் வயோமிங்கின் கெம்மரர் என்ற ஊரில் கட்டும், உருகிய சோடியத்தால் குளிரும் உலையை 2028இல் ஓட்டுவதாகச் சொல்லியிருந்தது. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022இன் இறுதியில், எரிபொருள் கிடைக்காததால் குறைந்தது இரண்டு ஆண்டு தள்ளிப்போகும் என்று அறிவித்தது. அடுப்பு கட்டுவதற்கு முன்னால் விறகு எங்கே என்ற கேள்வி.

தப்பிய நியூட்ரான் சும்மாவும் போகாது. சுற்றியுள்ள எஃகையும் கவசத்தையும் தாக்கி அவற்றையும் கதிரியக்கமுள்ளவையாக்கும். அதுவும் கழிவுக் கணக்கில் சேரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று 2022இல் வெளியிட்ட ஒரு ஆய்வு, அதே அளவு மின்சாரத்துக்குச் சிறிய உலைகளின் கழிவு கன அளவில் 2 முதல் 30 மடங்கு வரை கூடலாம் என்று சொன்னது. உலை நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை. தங்கள் வடிவமைப்பின் பழைய விவரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று மறுத்தன. 30 என்ற எண் ஒரு சில வகைகளுக்கே பொருந்தும் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் 'சின்ன உலை, ஆகவே சின்னக் கழிவு' என்ற விளம்பர வரியை இனி நம்ப முடியாது. கழிவைப் புதைக்கும் இடம் என்று பார்த்தால், பின்லாந்து ஓன்கலோ என்ற பெயரில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து அமைத்திருப்பதுதான் உலகில் எல்லோரையும்விட முன்னால் போயிருக்கும் முயற்சி. மற்ற நாடுகளில் தீர்ந்த எரிபொருள் பெரும்பாலும் உலைக்குப் பக்கத்திலேயே குளத்திலும் கான்கிரீட் பீப்பாயிலும் காத்துக்கிடக்கிறது. உலைகளைப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்தக் காத்திருப்பும் பல ஊர்களுக்குப் பரவும்.

பிறகு காசு. பத்து மடங்கு கொள்ளளவுக்கு நாலு மடங்கு செலவு என்ற கைக்கணக்கைத் திருப்பிப் போட்டால், பத்தில் ஒரு பங்கு உலைக்கு நாலில் ஒரு பங்கு செலவு. மெகாவாட்டுக்கு இரண்டரை மடங்கு விலை. இந்தப் பள்ளத்தைத் தொழிற்சாலை உற்பத்தி நிரப்ப வேண்டும். ஒரே உலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை பழகும், வீணாவது குறையும், விலை இறங்கும். சோலார் பேனல் விலை அப்படித்தான் இறங்கியது. ஆனால் தொழிற்சாலை ஓட ஆர்டர்கள் வேண்டும், ஆர்டர் வர விலை இறங்க வேண்டும், விலை இறங்கத் தொழிற்சாலை ஓட வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை.

இந்த முடிச்சில் சிக்கிய முதல் பெரிய பலி நியூஸ்கேல். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் வடிவமைப்புச் சான்றிதழ் பெற்ற முதல் சிறிய மாடுலர் உலை அதுதான். யூட்டா மாநிலத்து நகராட்சி மின் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று, ஐடஹோவில் ஆறு உலைகளை, மொத்தம் 462 மெகாவாட், நிறுவத் திட்டமிட்டிருந்தது. ஆயிரம் யூனிட்டுக்கு 58 டாலர் என்று பேசிய விலை 2023 தொடக்கத்தில் 89 ஆனது, அதுவும் அரசு மானியத்தைக் கழித்த பிறகு. வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்ட ஊர்கள் போதவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். தொழில்நுட்பம் தோற்கவில்லை. கூட்டல் கணக்கு தோற்றது.

நிஜத்தில் எத்தனை ஓடுகின்றன?

உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் இருப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமை 2022இல் தொகுத்தது. எண்பது வடிவமைப்பு என்பதே ஒரு எச்சரிக்கை. ஒரே அச்சில் ஆயிரம் செய்வதுதான் இந்த யோசனையின் உயிர்நாடி. இங்கே எண்பது பேர் எண்பது அச்சை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மின்சாரம் தருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஷிடாவ் வளைகுடாவைச் சொன்னேன். இன்னொன்று ரஷ்யாவின் அகாடமிக் லோமோனோசோவ் என்ற மிதவை. 35 மெகாவாட் உலைகள் இரண்டைச் சுமந்துகொண்டு ஆர்க்டிக் கரையில் பெவெக் என்ற ஊருக்குப் பக்கத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. 2020 முதல் மின்சாரமும், உறைபனியில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரும் தருகிறது. சீனாவின் ஹைனான் தீவில் 125 மெகாவாட் லிங்லாங் ஒன் உலையின் கட்டுமானம் 2021 ஜூலையில் தொடங்கியது.

'சீக்கிரம் கட்டலாம்' என்ற வாதத்தையும் இங்கே உரசிப் பார்க்கலாம். ஷிடாவ் உலைகளை 2012 டிசம்பரில் தொடங்கி 2023 டிசம்பரில் வணிக ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பதினோரு ஆண்டு. லோமோனோசோவ் 2007இல் தொடங்கியது; பதின்மூன்று ஆண்டு. முதல் பிள்ளைகள் எப்போதும் தாமதம்தான், அடுத்தவை வேகமாக வரும் என்கிறார்கள். இருக்கலாம். அந்த அடுத்தவற்றின் தேதிகளைப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்க அணு நீர்மூழ்கிகளின் தந்தை என்று அழைக்கப்படும் ஹைமன் ரிக்கோவர் 1953லேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். காகிதத்தில் இருக்கும் உலை எளிமையானது, சின்னது, மலிவானது, சீக்கிரம் கட்டக்கூடியது. கட்டிக்கொண்டிருக்கும் உலையோ தாமதமானது, விலை கூடியது, சிக்கலானது என்பது அதன் சாரம். சின்ன உலைகளைக் கட்டுவதையே வேலையாகக் கொண்டிருந்தவர் எழுதியது என்பதால் எனக்கு அது வெறும் நக்கலாகத் தெரியவில்லை.

எங்கே இது பொருந்தும்?

எல்லா இடத்துக்கும் இல்லை. நல்ல வெயில், நிறைய நிலம், பக்கத்திலேயே வலுவான மின்கட்டமைப்பு உள்ள இடத்தில் பகல் நேர மின்சாரத்துக்கு சோலாரோடு போட்டி போட்டு எந்த அணு உலையும் ஜெயிக்காது. சின்ன உலையின் இடம் வேறு.

முதலாவது, பழைய அனல் மின் நிலையங்கள். கம்பி வடம் ஏற்கெனவே அங்கே வந்து நிற்கிறது, தண்ணீர் இருக்கிறது, டர்பைனை ஓட்டிப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். 1000 மெகாவாட் உலையை அங்கே திணிக்க முடியாது, 300 பொருந்தும். கெம்மரர் உலை ஒரு பழைய நிலக்கரி நிலையத்துக்குப் பக்கத்தில்தான் எழும்புகிறது. அதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு: உலை 345 மெகாவாட்டில் சீராக ஓடிக்கொண்டே இருக்கும், சூட்டை உருகிய உப்புத் தொட்டிகளில் சேர்த்து வைக்கும். வெயிலும் காற்றும் அடங்கும் நேரத்தில் அந்தச் சேமிப்பையும் எடுத்துச் சில மணி நேரம் 500 மெகாவாட் தரும். சோலாரோடு மல்லுக்கு நிற்காமல் அது ஓயும் நேரத்துக்குக் காத்திருக்கும் உலை.

இரண்டாவது, வெப்பம். எஃகு, உரம், ரசாயனம், காகிதம் செய்யும் ஆலைகளுக்கு மின்சாரத்தைவிட வெப்பம்தான் பெரிய தேவை. தண்ணீரால் குளிரும் உலை சுமார் 300 டிகிரி சூடு தரும். ஷிடாவ் மாதிரி ஹீலியம் உலை 750 டிகிரி. நீராவியை வெகுதூரம் குழாயில் அனுப்பினால் சூடு வழியிலேயே வீணாகும், உலை ஆலைக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது. அதற்குச் சின்ன உலைதான் பொருந்தும்.

மூன்றாவது, பெவெக் போன்ற ஒதுங்கிய இடங்கள், தீவுகள், சுரங்கங்கள். டீசலைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கும் ஊரில் விலை ஒப்பீடே வேறு. நான்காவதாகச் சேர்ந்திருப்பது டேட்டா சென்டர்கள். இரவு பகல் இல்லாமல் ஒரே சீராக மின்சாரம் கேட்பவை, காசு உள்ளவை. 2024 அக்டோபரில் கூகுள் கைரோஸ் பவர் என்ற சின்ன உலை நிறுவனத்தோடும், அமேசான் எக்ஸ்-எனர்ஜி என்ற இன்னொன்றோடும் ஒப்பந்தம் போட்டன. முதல் உலையின் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய வாடிக்கையாளர் இத்தனை நாள் இல்லாமல் இருந்தார். இப்போது வந்திருக்கிறாரோ என்னவோ.

இந்தப் பேச்சையெல்லாம் தாண்டி நான் கவனித்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டார்லிங்டன் அணு மின் நிலைய வளாகத்தில், பிடபிள்யூஆர்எக்ஸ்-300 என்ற ஒரே மாதிரி 300 மெகாவாட் உலைகள் நான்கைக் கட்டும் திட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள். கனடிய ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஏப்ரலில் முதல் உலைக்குக் கட்டுமான உரிமம் தந்தது. அடுத்த மாதம் மாகாண அரசு பச்சைக்கொடி காட்டியது. நான்குக்கும் சேர்த்து 20.9 பில்லியன் கனடிய டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் முதல் உலைக்கு 6.1 பில்லியன், நான்குக்கும் பொதுவான ஏற்பாடுகளுக்கு 1.6 பில்லியன். இதைக் கழித்தால் மிச்சம் 13.2. மூன்றால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 4.4.

முதலாவது 6.1, அடுத்த மூன்றும் சராசரி 4.4. கை பழகினால் விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கு டாலரில் எழுதிய உருவம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். முதல் உலை 2030இல் முடியும் என்கிறார்கள். அதன் பில்லைவிட, நாலாவது உலையின் பில்லைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல்.